எதிர்ப்புச் சக்தியைக் கூட்டினால் போதாதா?

பயிற்சி வகுப்பு முடிந்து எல்லோரும் கிளம்பிக்கொண்டிருந்த நேரம். ஓர் இளைஞர் மட்டும் தயங்கித் தயங்கி வந்து நின்றார். எச்.ஐ.வி. தொற்று உறுதியாகி, கூட்டு மருந்து சாப்பிடத் தொடங்கிச் சில மாதங்கள் ஆனவர். "அக்கா, இந்த வைரஸ் எதிர்ப்புச் சக்தியைத்தானே குறைக்குது? அப்ப நான் நல்லாச் சாப்பிட்டு, உடற்பயிற்சி செஞ்சு, எதிர்ப்புச் சக்தியை ஏத்திக்கிட்டே இருந்தா உடம்பே அதைப் பார்த்துக்காதா? மாத்திரை எதுக்கு?" என்று கேட்டார். "சாப்பாடு, உடற்பயிற்சி ரெண்டையும் விடாதீங்க தம்பி. ஆனா மாத்திரையை மட்டும் ஒரு நாளும் நிறுத்திடாதீங்க" என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டுப் போனார். கேட்டதற்குப் பதில் கிடைத்தவரின் முகம் அப்படி இருக்காது.

அவர் கேள்வியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. விழிப்புணர்வுக் கூட்டங்களில் காலங்காலமாகச் சொல்லப்படுவது இதுதான்: உடம்பில் வெள்ளையணுக்கள் என்றொரு படை இருக்கிறது, எச்.ஐ.வி. அந்தப் படையைக் கொல்கிறது, படை குறைந்ததும் மற்ற நோய்கள் புகுந்துவிடுகின்றன. இதைக் கேட்ட எவரும் படையைப் பெருக்கினால் தப்பிக்கலாம் என்றுதான் நினைப்பார். சொன்னதில் பொய் இல்லை. ஆனால் அந்த வைரஸ் எதை வைத்துப் பிழைக்கிறது என்ற பாதி அதில் வருவதே இல்லை. நோயெதிர்ப்பு மண்டலம் விழித்து, முழுமூச்சாக வேலை செய்யும்போதுதான் எச்.ஐ.வி.க்கு இடமும் வசதியும் கிடைக்கின்றன. எந்தச் செல்லுக்குள், எதைப் பிடித்துக்கொண்டு, எந்த நேரத்தில் அது நுழைகிறது என்று பார்த்தாலே இது தெரிந்துவிடும். அந்த இளைஞருக்கு அன்றைக்கு நின்ற நிலையில் சொல்ல முடியாததை இங்கே நிதானமாகச் சொல்லப் பார்க்கிறேன்.

ஒட்டிக்கொண்டது, நுழையவில்லை

1983-இல் பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தில் பிரான்சுவாஸ் பாரே-சினூசி, லுக் மோன்தான்யே ஆகியோரின் குழு இந்த வைரஸைப் பிரித்தெடுத்தது. அடுத்த ஆண்டே, அது சிடி4 என்ற புரதத்தைப் பிடித்துக்கொண்டுதான் செல்லுக்கு வருகிறது என்பதும் தெரிந்துவிட்டது. சிடி4 இருப்பது முக்கியமாக உதவி டி செல்கள் என்ற வெள்ளையணுக்களின் மேற்பரப்பில். மேக்ரோஃபேஜ், டென்ட்ரிட்டிக் செல் போன்ற மற்ற நோயெதிர்ப்புச் செல்களிலும் கொஞ்சம் உண்டு. அதற்கென்று இயல்பான வேலை இருக்கிறது. வேறொரு செல் தான் விழுங்கிய கிருமியின் துண்டை ஏந்திக் காட்டும்போது, அந்தச் செல்லைப் பற்றிக்கொண்டு டி செல் அதைச் சரிபார்க்க சிடி4 துணை நிற்கிறது. பி செல்லுக்கு, கிருமியைப் பிடிக்கும் ஆன்டிபாடி என்ற புரதத்தைத் தயாரிக்கும்படி சைகை கொடுப்பது, கொல்லும் டி செல்களைத் தேற்றி வளர்ப்பது எல்லாம் இந்தச் சரிபார்ப்புக்குப் பின்னால் நடப்பவை. வைரஸ் கைவைத்த இடம் அவ்வளவு முக்கியமானது.

1986-இல் செய்த ஒரு சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. மனித சிடி4 மரபணுவை எடுத்து எலியின் செல்களுக்குள் வைத்தார்கள். இப்போது எலி செல்லின் மேற்பரப்பிலும் மனித சிடி4 நிற்கிறது. வைரஸை விட்டதும் அது வந்து ஒட்டிக்கொண்டது. அதோடு சரி, உள்ளே போகவில்லை. சிடி4 இயல்பாக இல்லாத வேறு வகை மனித செல்களில் அதே மரபணுவை வைத்தபோது தொற்று தடையில்லாமல் நடந்தது. அப்படியானால் மனித செல்லின் மேல் இன்னொன்று இருக்கிறது, எலி செல்லில் அது இல்லை. அந்த இன்னொன்று எது என்று கண்டுபிடிக்கப் பத்து ஆண்டுகள் ஆயின. ஆராய்ச்சியில் பத்து ஆண்டு என்பது பெரிய காலமில்லை என்று சொல்லலாம். சரியான மருந்து இல்லாமல் மனிதர்கள் கொத்துக் கொத்தாகச் செத்துக்கொண்டிருந்த பத்து ஆண்டுகள் அவை.

ஒட்டுவதற்கும் நுழைவதற்கும் இடையில் நடப்பதைக் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். ஏறத்தாழ 120 நானோமீட்டர் குறுக்களவுள்ள கோளம் இந்த வைரஸ். மேலே கொழுப்புச் சவ்வு. போன முறை எந்தச் செல்லிலிருந்து வெளியே வந்ததோ, அந்தச் செல்லிடமிருந்து எடுத்துக்கொண்ட சவ்வு. அதில் ஆங்காங்கே முட்கள். ஃப்ளூ வைரஸின் மேல் முட்கள் நூற்றுக்கணக்கில் நெருக்கியடித்து நிற்கும். எச்.ஐ.வி.யின் மேல் பத்துப் பதினைந்துதான் இருக்கும். ஒவ்வொரு முள்ளிலும் ஜிபி120 என்ற புரதம் மூன்று, அவற்றுக்கு அடியில் ஜிபி41 என்ற புரதம் மூன்று. ஜிபி120-இன் எடையில் பாதிக்குப் பாதி சர்க்கரைச் சங்கிலிகள். அந்தச் சர்க்கரை நம் செல் பூசிவிட்டது என்பதால் ஆன்டிபாடிகளுக்கு அது அந்நியமாகத் தெரிவதில்லை. முட்கள் குறைவாகவும் தள்ளித் தள்ளியும் இருப்பதால், ஓர் ஆன்டிபாடி தன் இரண்டு கைகளாலும் இரண்டு முட்களைச் சேர்த்துப் பிடிப்பதும் கடினம்.

சிடி4-ஐப் பிடித்த கணத்தில் ஜிபி120 உருமாறுகிறது. மூடிக்கிடந்த மூன்று இதழ்களும் விலகி, அதுவரை உள்ளே மடங்கியிருந்த பகுதி வெளியே நீள்கிறது. இரண்டாவது ஏற்பியை, அதாவது செல்லின் மேல் நின்று சைகையை வாங்கும் இன்னொரு புரதத்தை, பிடிக்க வேண்டிய இடம் இதுதான். சிடி4-ஐத் தொடும் வரை அந்த இடம் வெளியே தெரிவதில்லை. தெரியும்போது வைரஸ் செல்லோடு ஒட்டி நிற்கிறது. இடைவெளியில் ஒரு பருத்த ஆன்டிபாடி புகுந்து தடுக்க இடமில்லை. தன் மிகப் பலவீனமான பகுதியைக் கடைசி நொடி வரை மறைத்து வைத்திருக்கிறது. தடுப்பூசி ஆராய்ச்சி நாற்பது ஆண்டுகளாக முட்டிக்கொண்டு நிற்பதற்கான காரணங்களில் இது முக்கியமானது.

எச்சரிக்கையைக் கேட்கும் ஏற்பி

1995 டிசம்பரில் அமெரிக்க ஆய்வாளர் ராபர்ட் காலோவின் ஆய்வகத்திலிருந்து ஒரு கட்டுரை வந்தது. சிடி8 வகை டி செல்கள் (முன்னே சொன்ன கொல்லும் டி செல்கள்) சுரக்கும் மூன்று சிறு புரதங்கள் எச்.ஐ.வி.யைத் தடுக்கின்றன என்று அது காட்டியது. மூன்றுமே கீமோகைன் வகை, அதாவது செல்களை ஓரிடத்துக்கு அழைக்கும் சைகைப் புரதங்கள். 1996 மே மாதம், அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் எட்வர்டு பெர்கரின் குழு, எலி செல்லில் இல்லாத அந்த இன்னொன்றை முதல்முறையாகப் பிடித்தது. இன்று அதற்கு சிஎக்ஸ்சிஆர்4 என்று பெயர். அதுவும் ஒரு கீமோகைன் ஏற்பிதான். ஆனால் ஆய்வகத்தில் வளர்த்துப் பழக்கிய வைரஸ்களுக்குத்தான் அது பொருந்தியது. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் பரவும் வகைகளுக்குப் பொருந்தவில்லை. இரண்டு கட்டுரைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தவர்களுக்கு அடுத்த அடி எதுவென்று தெரிந்துவிட்டது: காலோ குழு சொன்ன அந்த மூன்று கீமோகைன்களையும் ஏற்கும் ஏற்பி எது? அதே ஆண்டு ஜூனில் ஐந்து ஆய்வுக் குழுக்கள் தனித்தனியாக ஒரே விடையை வெளியிட்டன. சிசிஆர்5.

ஆகஸ்டில் உறுதி கிடைத்தது. தொற்றுள்ளவர்களோடு பலமுறை பாதுகாப்பற்ற உறவு கொண்டும் தொற்று ஏற்படாத இருவரின் ரத்தத்தை ஆராய்ந்தார்கள். இருவருக்கும் தாய்வழி, தந்தைவழி என்று இரண்டு சிசிஆர்5 மரபணுக்களிலும் 32 எழுத்துகள் விடுபட்டிருந்தன. அவர்களுடைய செல்களின் மேற்பரப்புக்குச் சிசிஆர்5 வந்து சேரவே இல்லை. வட ஐரோப்பிய வம்சாவளியினரில் ஏறத்தாழ நூற்றில் ஒருவர் இப்படிப் பிறக்கிறார். அவர்கள் பெரும்பாலும் நலமாகவே வாழ்கிறார்கள். வெஸ்ட் நைல் வைரஸ் தொற்றினால் மட்டும் மற்றவர்களைவிடக் கடுமையாகப் பாதிக்கப்படும் வாய்ப்பு அதிகம். (2018-இல் சீனாவில் ஹே ஜியான்குய் என்ற ஆராய்ச்சியாளர் கருக்களிலேயே இந்த மரபணுவை வெட்டப் பார்த்தார். பிறக்கப்போகும் குழந்தைகளின் மேல் அப்படிச் சோதனை செய்ய எந்த நியாயமும் இல்லை. தொற்றுள்ள தந்தையின் குழந்தையைத் தொற்றிலிருந்து காக்க எளிய வழிகள் அப்போதே இருந்தன.)

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் 'இரண்டாவது பூட்டு கிடைத்தது' என்று இங்கேயே முடித்துவிடுவார்கள். எனக்கோ இங்கேதான் எல்லாம் தொடங்கியது. சிசிஆர்5 நம் உடம்பில் எதற்காக இருக்கிறது என்று படித்த நாள் முதல் எச்.ஐ.வி.யைப் பற்றிய என் பார்வை மாறிவிட்டது. உடம்பில் ஓரிடத்தில் காயமோ கிருமியோ வந்தால் அங்குள்ள செல்கள் கீமோகைன்களைச் சுரக்கின்றன. அந்த இடத்தில் அதன் செறிவு அதிகம். தள்ளிப் போகப் போகக் குறைவு. சிசிஆர்5 உள்ள செல்கள் அந்தச் செறிவைத் தொட்டுணர்ந்து, கூடும் திசையில் நகர்ந்து, ரத்தக்குழாயின் சுவரைக் கடந்து, அழற்சி நடக்கும் இடத்துக்குப் போய்ச் சேர்கின்றன. இதுவரை எந்தக் கிருமியையும் சந்திக்காத இளம் டி செல்லில் சிசிஆர்5 அநேகமாக இருக்காது. ஒருமுறை சந்தித்து அனுபவப்பட்ட நினைவு டி செல்லில் இருக்கும். தூண்டப்பட்டு விழித்துக்கொண்ட செல்லில் இன்னும் அதிகமாக இருக்கும். அபாயச் சங்கு ஊதினால் உதவிக்கு ஓடிவருகிறவர்கள் இருக்கிறார்கள் அல்லவா? சங்கொலியைக் கேட்கும் அவர்களுடைய காது வழியாகவே இந்த வைரஸ் உள்ளே போகிறது. கேட்காதவர்களிடம் அதற்கு வேலை இல்லை.

வைரஸ் பரவும் முறையிலும் இது தெரிகிறது. உறவின் வழியே தொற்று வரும்போது பெரும்பாலும் ஒரே ஒரு வைரஸின் வழித்தோன்றல்கள்தான் புதிய உடம்பில் நிலைபெறுகின்றன. அந்த ஒன்று அநேகமாக எப்போதும் சிசிஆர்5-ஐப் பயன்படுத்தும் வகை. வேறு பால்வினை நோயால் பிறப்புறுப்பில் புண்ணோ அழற்சியோ இருந்தால் எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பு கூடுகிறது. தோல் கிழிந்திருப்பது ஒரு காரணம். அந்த அழற்சிக்குப் பதில் சொல்ல சிசிஆர்5 உள்ள செல்கள் அங்கே குவிந்திருப்பது இன்னொன்று. கிருமியோடு மோத வந்தவைதான் அவை.

மூன்று தடை, ஒரே திறவு

சிசிஆர்5-ஐப் பிடித்த பிறகு மிச்சம் வேகமாக நடக்கிறது. அடியில் மடங்கிக் கிடந்த ஜிபி41 நிமிர்ந்து, தன் முனையைச் செல்லின் சவ்வில் செருகுகிறது. அடுத்து அது நடுவில் மடிகிறது. மூன்று ஜிபி41-உம் மடிந்து ஆறு சுருள்கள் கொண்ட இறுகிய கட்டாகும்போது, வைரஸின் சவ்வும் செல்லின் சவ்வும் இழுபட்டு ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. மடிவதற்கான ஆற்றல் முள்ளிலேயே முன்கூட்டிச் சேமித்து வைக்கப்பட்டிருக்கிறது. 2003-இல் வந்த என்ஃபுவிர்டைட் என்ற மருந்து இந்த மடிப்பைத்தான் தடுத்தது. நாளைக்கு இரண்டு ஊசி, ஊசி போட்ட இடமெல்லாம் வீக்கம் என்று அதைச் சகித்துக்கொண்டவர்களை நினைத்தால் மனம் கனக்கும்.

உள்ளே விழுவது கூம்பு வடிவ ஓடு; கேப்சிட் என்பார்கள். அறுகோண அலகுகள் சுமார் 250, ஐங்கோண அலகுகள் சரியாக 12 சேர்ந்து அதை மூடுகின்றன. ஓடு செல்லுக்குள் வந்ததும் உடைந்து சிதறிவிடும் என்றுதான் பாடநூல்களில் நெடுங்காலம் இருந்தது. அண்மைக்கால நுண்ணோக்கிப் படங்களில் அது உடையாமலேயே உட்கருத் துளையில் நுழைவதைப் பார்க்க முடிகிறது. ஓட்டுக்குள் வைரஸின் ஆர்.என்.ஏ., டி.என்.ஏ.வாக மாற்றி எழுதப்படுகிறது. பிறகு அது நம் குரோமோசோமில், அதுவும் செல் சுறுசுறுப்பாகப் பயன்படுத்தும் மரபணுக்களுக்கு நடுவில், போய் ஒட்டப்படுகிறது.

இதெல்லாம் எல்லாச் செல்லிலும் நடப்பதில்லை என்பதுதான் நான் சொல்ல வந்த விஷயத்துக்கு நடு. ஓய்வில் இருக்கும் டி செல்லில் இந்த வைரஸுக்கு மூன்று தடைகள். சிசிஆர்5 குறைவாக இருப்பது முதல் தடை. டி.என்.ஏ. எழுதத் தேவையான மூலப்பொருளைச் சாம்எச்டி1 என்ற நொதி சிதைத்துக்கொண்டே இருப்பதால், உள்ளே வந்தாலும் எழுத்து பாதியில் நிற்பது இரண்டாவது. எழுதி ஒட்டப்பட்டாலும் வைரஸின் மரபணுவை இயக்க ஆளில்லாமல் கிடப்பது மூன்றாவது. அந்த டி செல் தூண்டப்பட்டால் சிசிஆர்5 மேலே வருகிறது. செல் பிரிவதற்காக மூலப்பொருள் பெருகுகிறது. என்எஃப்-கப்பா-பி என்ற புரதம் உட்கருவுக்குள் போய், நோயெதிர்ப்பு மரபணுக்களை இயக்கத் தொடங்குகிறது. எச்.ஐ.வி.யின் மரபணுத் தொடரின் முகப்பில் என்எஃப்-கப்பா-பி உட்காருவதற்கென்றே இடங்கள் இருக்கின்றன. செல் தன் எதிர்ப்பைத் தொடங்கப் போடும் அதே விசையில் வைரஸும் இயங்குகிறது. மூன்று தடையும் ஒரே தூண்டலில் விலகிவிடுகின்றன.

இதை இன்னும் துல்லியமாகக் காட்டிய ஆய்வு ஒன்று 2002-இல் வந்தது. தொற்றுள்ளவர்களின் உடம்பில் சிடி4 செல்களை அவை எந்தக் கிருமியை அடையாளம் காணும் என்பதை வைத்துப் பிரித்துப் பார்த்தார்கள். மற்ற கிருமிகளை அடையாளம் காணும் செல்களைவிட, எச்.ஐ.வி.யையே அடையாளம் காணும் செல்களில் வைரஸின் டி.என்.ஏ. அதிகமாக இருந்தது. எதிரியைத் தெரிந்தவை எவையோ, அவையே முதலில் விழிக்கின்றன, வைரஸ் இருக்கும் இடத்துக்குப் போகின்றன, அங்கே பிடிபடுகின்றன. அந்த இளைஞரின் கேள்விக்கு ஒரே ஒரு ஆய்வைத்தான் காட்டலாம் என்றால் நான் இதைத்தான் காட்டுவேன்.

சாவு எங்கே நடக்கிறது

ரத்தப் பரிசோதனையில் சிடி4 எண்ணிக்கை பார்ப்பது எல்லோருக்கும் பழகிப்போனது. 500-க்கு மேல் இருந்தால் நிம்மதி, 200-க்குக் கீழே போனால் கவலை. ஆனால் உடம்பின் லிம்போசைட்டுகளில் (டி செல், பி செல் அடங்கிய வெள்ளையணு வகை) ரத்தத்தில் இருப்பவை 2 விழுக்காடு அளவுதான். பெரும்பங்கு குடல் சுவரிலும் நிணநீர்க் கணுக்களிலும் இருக்கிறது. குடல் எந்நேரமும் உணவையும் நுண்ணுயிர்களையும் சந்திக்கும் இடம் என்பதால் அங்குள்ள சிடி4 செல்கள் பெரும்பாலும் சிசிஆர்5 ஏந்திய நினைவுச் செல்கள். தொற்று ஏற்பட்ட முதல் சில வாரங்களிலேயே, காய்ச்சல் மாதிரி ஏதோ வந்து போனது என்று மனிதர் நினைத்துக்கொண்டிருக்கும்போதே, குடலில் அவை கூட்டங்கூட்டமாக அழிந்துவிடுகின்றன. குடல் சுவரின் காவல் தளர்கிறது. பாக்டீரியாக்களின் துணுக்குகள் ரத்தத்துக்குள் கசியத் தொடங்குகின்றன. அவற்றைக் கண்டு நோயெதிர்ப்பு மண்டலம் உடம்பெங்கும் கிளர்ந்தெழுகிறது. கிளர்ந்தெழும் ஒவ்வொரு செல்லும் வைரஸுக்குப் புதிய இடம்.

செல்கள் சாகும் விதமும் நாம் பொதுவாக நினைப்பதுபோல இல்லை. வைரஸ் நுழைந்து, பெருகி, வெடித்துக் கொல்வது கொஞ்சம்தான். சான் பிரான்சிஸ்கோவின் கிளாட்ஸ்டன் நிறுவனத்தில் வார்னர் கிரீனின் குழு, டான்சில், மண்ணீரல் திசுக்களை வைத்துச் செய்த ஆய்வில், இறக்கும் சிடி4 செல்களில் 95 விழுக்காட்டுக்கும் மேல், வைரஸ் உள்ளே வந்து வேலையைப் பாதியில் விட்ட செல்கள் என்று கண்டார்கள். அரைகுறையாக எழுதப்பட்ட டி.என்.ஏ. துண்டை ஓய்வில் இருக்கும் செல் கண்டுபிடிக்கிறது. 'உள்ளே கிருமி' என்று தீர்மானித்துத் தன்னைத்தானே வெடித்து அழித்துக்கொள்கிறது. வெடிக்கும்போது அழற்சியைத் தூண்டும் பொருட்களைக் கொட்டுகிறது. அந்த அழைப்பைக் கேட்டு அக்கம்பக்கத்துச் செல்கள் வருகின்றன. அவற்றுக்கும் அதே கதி. ஒவ்வொரு செல்லும் தனக்கு விதிக்கப்பட்ட கடமையைச் சரியாகத்தான் செய்கிறது.

நோயெதிர்ப்பு மண்டலம் தோற்றுப்போய்ச் சும்மா நிற்கிறது என்று இதைப் படித்து யாரும் நினைக்க வேண்டாம். முதல் வாரங்களில் உச்சத்துக்குப் போகும் வைரஸ் அளவைக் கீழே இழுப்பதில் சிடி8 செல்களுக்குப் பெரும் பங்கு உண்டு. மருந்தே இல்லாமல் வைரஸை அடக்கி வைத்திருப்பவர்கள் நூற்றில் ஒருவருக்கும் குறைவாக இருக்கிறார்கள். ஆனால் மருந்தில்லாத உடம்பில் ஒரு நாளைக்கு ஆயிரம் கோடி வைரஸ் உருவாகிறது என்று 1996-இல் கணக்கிட்டார்கள். எழுத்துப் பிழைகளோடு அவ்வளவு படிகள். எந்த ஆன்டிபாடி வந்தாலும் அதற்குத் தப்பிய ஒன்று அந்தக் கூட்டத்தில் ஏற்கெனவே இருக்கும்.

நோயில்லாத குரங்குகள்

ஆப்பிரிக்காவில் நாற்பதுக்கும் மேற்பட்ட குரங்கினங்களில் எச்.ஐ.வி.யின் உறவான எஸ்.ஐ.வி. இருக்கிறது. மேற்கு ஆப்பிரிக்காவின் சூட்டி மாங்கபே அவற்றில் ஒன்று, எச்.ஐ.வி.-2 மனிதருக்கு வந்தது இதனிடமிருந்துதான். இந்தக் குரங்கின் ரத்தத்தில் வைரஸ் அளவு, சிகிச்சை பெறாத எய்ட்ஸ் நோயாளிக்கு இருக்கும் அளவுக்கு இருக்கும். ஆனாலும் அதற்கு எய்ட்ஸ் வருவது மிக அரிது. இயல்பான ஆயுளோடு வாழ்கிறது. அதே வைரஸ் ஆசியாவின் ரீசஸ் குரங்குக்குப் போனால் அது நோயுற்றுச் சாகிறது.

மாங்கபேவின் நோயெதிர்ப்பு வலுவானது, அதனால் தப்பிக்கிறது என்று சொல்ல வழியில்லை. வலுவானதாக இருந்தால் வைரஸ் குறைந்திருக்க வேண்டுமே! நடப்பது வேறு. தொற்றின் தொடக்கத்தில் அதற்கும் எதிர்ப்பு கிளம்புகிறது. சில வாரங்களில் அது அடங்கிவிடுகிறது. குடல் சுவர் கசிவதில்லை. அதன் சிடி4 செல்களில் சிசிஆர்5 குறைவாகவே இருக்கிறது. போதாததற்கு, மாங்கபேவின் வைரஸில் உள்ள நெஃப் என்ற புரதம், தொற்றிய டி செல்லின் மேற்பரப்பிலிருந்து தூண்டலை வாங்கும் ஏற்பியையே அகற்றிவிடுகிறது. செல் மேலும் மேலும் கிளர்வதை வைரஸே தடுத்துவிடுகிறது. எச்.ஐ.வி.-1-இன் நெஃப் இந்தத் திறமையை இழந்துவிட்டது. நெடுங்காலம் கூடி வாழ்ந்ததில் குரங்கும் வைரஸும் ஒரு சமாதானத்துக்கு வந்திருக்கின்றன. மனிதருக்கும் எச்.ஐ.வி.-1-க்கும் பழக்கம் நூறு ஆண்டுகளைச் சற்றுத் தாண்டியதுதான்.

எச்.ஐ.வி. நோயின் மையம், அணைக்க முடியாமல் தொடரும் கிளர்ச்சி என்று நான் உறுதியாக நம்புவது இந்தக் குரங்குகளைப் பார்த்துத்தான். மனிதர்களிடமும் இதற்குச் சான்று உண்டு. 2006-இல் வெளியான ஸ்மார்ட் ஆய்வில் 5,472 பேர் பங்கேற்றார்கள். ஒரு பகுதியினர் மருந்தைத் தொடர்ந்தார்கள். இன்னொரு பகுதியினர் சிடி4 350-க்கு மேல் இருக்கும்போது நிறுத்தி, 250-க்குக் கீழே வந்தால் மறுபடி தொடங்கினார்கள். அந்த இளைஞர் மனதில் நினைத்ததும் கிட்டத்தட்ட இதுதான்: சக்தி இருக்கும்போது மாத்திரை எதற்கு? நிறுத்தியவர்களிடம் இறப்பு கூடியது. அதில் பெரும்பங்கு எய்ட்ஸ் தொடர்பானதுகூட இல்லை. இதயம், கல்லீரல், சிறுநீரகம் சார்ந்த நோய்களும் அவர்களிடம் அதிகமாயின. ரத்தத்தில் அழற்சியின் அளவைக் காட்டும் ஐஎல்-6, டி-டைமர் யாருக்கு உயர்ந்திருந்ததோ அவர்கள் இறக்கும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது. ஆய்வை இடையிலேயே நிறுத்தினார்கள். 2015-இல் 35 நாடுகளில் 4,685 பேரை வைத்து நடந்த ஸ்டார்ட் ஆய்வு மறுபக்கத்தைக் காட்டியது. சிடி4 500-க்கு மேல் இருக்கும்போதே மருந்து தொடங்கியவர்களுக்குக் கடுமையான பாதிப்புகள் 57 விழுக்காடு குறைந்தன. எண்ணிக்கை குறையட்டும், பிறகு தொடங்கலாம் என்று காத்திருந்த காலம் அதோடு முடிந்தது.

மாத்திரை செய்யும் வேலை

ஏ.ஆர்.டி. என்று சொல்லப்படும் இந்தக் கூட்டு மருந்து எதையும் ஏற்றுவதில்லை. வைரஸ் போகும் பாதையில் ஓரிரு இடங்களில் அடைக்கிறது. டி.என்.ஏ. எழுதவிடாமல் ஒன்று, குரோமோசோமில் ஒட்டவிடாமல் ஒன்று. 2007-இல் வந்த மராவிராக் வித்தியாசமானது. அது வைரஸைத் தொடாமல் நம் செல்லின் சிசிஆர்5-இல் போய் உட்கார்ந்துகொள்கிறது. இப்போது பேசப்படும் லெனகாபவிர் கேப்சிட் ஓட்டைப் பிடிக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஊசி. தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் தொற்றில்லாத இளம்பெண்களுக்குத் தடுப்பு மருந்தாகக் கொடுத்துப் பார்த்த ஆய்வில், இதைப் பெற்ற 2,134 பேரில் ஒருவருக்குக்கூடத் தொற்று வரவில்லை என்று 2024-இல் அறிவித்தபோது என்னால் இருக்கையில் உட்கார முடியவில்லை. இந்தத் துறையில் பூஜ்யம் என்ற எண்ணைப் பார்த்துப் பழக்கமில்லை.

மருந்து ஒழுங்காக எடுத்தால் வைரஸ் அளவு கண்டறிய முடியாத நிலைக்குக் குறைகிறது. அந்த நிலையில் உறவின் வழியே இன்னொருவருக்குப் பரவுவதில்லை. பிறகு ஏன் வாழ்நாள் முழுக்க? விழித்திருந்தபோது தொற்றிய சில டி செல்கள், சாகாமல் தப்பி, ஓய்வுக்குத் திரும்பிவிடுகின்றன. நினைவுச் செல்லின் வேலையே பல்லாண்டுகள் காத்திருப்பது. அதன் குரோமோசோமில் வைரஸும் ஓசையில்லாமல் காத்திருக்கிறது. இயங்காமல் கிடக்கும் வைரஸை இந்த மருந்துகள் தொடாது. இந்தச் செல்களின் எண்ணிக்கை பாதியாகக் குறையவே ஏறத்தாழ 44 மாதங்கள் ஆகும், முழுக்கத் தீர 70 ஆண்டுகளுக்கு மேல் ஆகும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். மருந்தை நிறுத்தினால், என்றோ வந்து போன ஒரு கிருமியைப் பார்த்து அவற்றில் ஒரு செல் விழித்தால் போதும். பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் வைரஸ் திரும்பிவிடுகிறது. நல்ல உணவும் உடற்பயிற்சியும் தூக்கமும் இதயத்தைக் காக்கும், உடம்பைக் காக்கும். உறங்கும் அந்தச் செல்லை அவற்றால் எட்ட முடியாது.

எட்டிய சிலர் உண்டு. பெர்லினில் 2007-இல் ரத்தப் புற்றுநோய்க்காக, சிசிஆர்5 இல்லாத ஒருவரின் ஸ்டெம் செல்களைப் பெற்ற திமத்தி ரே பிரவுன் முதலாமவர். 2020-இல் புற்றுநோய் திரும்பி வந்து அவர் இறந்தார், எச்.ஐ.வி. கடைசி வரை திரும்பவில்லை. அவரைப் போல இன்னும் சிலர் பிறகு வந்தார்கள். அவர்களிடையே ஜெனீவாவில் சிகிச்சை பெற்ற ஒருவரைத்தான் நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். அவருக்குச் செல்களைக் கொடுத்தவரிடம் சிசிஆர்5 முழுசாக இருந்தது. வைரஸுக்கு எல்லா வழியும் திறந்திருந்தது. 2021 நவம்பரில் ஏ.ஆர்.டி.யை நிறுத்தினார்கள், வைரஸ் திரும்பவில்லை. பழைய செல்களைப் புதிய செல்கள் ஒழித்துக்கட்டியது ஒரு காரணமாக இருக்கலாம். அதோடு, புதிய செல்கள் அவருடைய உடம்பையே தாக்கியதால் அவர் ருக்சோலிடினிப் என்ற மருந்தும் எடுத்து வந்தார். அது நோயெதிர்ப்புச் செல்களின் கிளர்ச்சியைத் தணிக்கும் மருந்து. ஆய்வகத்தில் வைரஸ் உறக்கத்திலிருந்து எழுவதையும் அது தடுக்கிறது. வைரஸ் வராமல் இருப்பதில் அந்த மருந்துக்கு எவ்வளவு பங்கு என்பதை அவரைக் கவனித்துவரும் குழு இப்போது துருவிக்கொண்டிருக்கிறது.